இரண்டு ராத்திரிக்கு ஒரு காதல் கதை: நீண்ட பழங்காலப் படத்தை வீட்டில் பார்ப்பது எப்படி

முதல் தடவை நாங்கள் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' என்ற பிரெஞ்சுப் படத்தை இரண்டாம் பாகத்திலிருந்து பார்த்தோம். தெரிந்து செய்ததல்ல. நண்பர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த டிவிடி. பெட்டிக்குள் இரண்டு வட்டுகள். இரண்டின் மேலும் பிரெஞ்சு எழுத்து. கைக்கு வந்ததைப் போட்டேன். திரைச்சீலை மேலே போனது, ஒரு நாடகக் கொட்டகை வந்தது, எல்லாரும் எல்லாரையும் வெகுநாள் தெரிந்தவர்களாகப் பேசிக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் படங்கள் இப்படித்தான், எடுத்த எடுப்பில் கதைக்குள் இறங்கிவிடும் என்று நான் விளக்கம் வேறு கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து என் மைனிதான் கேட்டார்: "இந்தப் பெண் இத்தனை வருடம் எங்கே போயிருந்தாள் என்று எல்லாரும் கேட்கிறார்களே, அவள் போனதை நாம் பார்க்கவே இல்லையே?"

ஆகவே முதல் வேலை இது: வட்டுகள் கைக்கு வந்ததும் மார்க்கர் பேனாவால் 1, 2 என்று எழுதிவிடுங்கள். கோப்பாக வைத்திருந்தால் கோப்பின் பெயரை மாற்றுங்கள். இதைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு என்னைப் போல் விழிப்பார்கள்.

நான் சொல்வது 1945-ல் வெளிவந்த பிரெஞ்சுப் படம். இயக்கியவர் மார்செல் கார்னே, எழுதியவர் கவிஞர் ழாக் பிரெவேர். கதை நடப்பது 1820-களிலும் 1830-களிலும், பாரிஸில் நாடகக் கொட்டகைகள் வரிசை கட்டி நின்ற ஒரு தெருவில். ஒரு பெண், அவளை நான்கு விதமாகக் காதலிக்கும் நான்கு ஆண்கள். இரண்டு பாகமும் சேர்ந்தால் சுமார் 190 நிமிடம். பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால், காலணி தொலைத்த அண்ணன் தங்கையின் ஈரானியப் படம்தான் முன்னால் வந்து நிற்கும். அதுவும் நல்ல படம், இது வேறு. பிரெஞ்சில் 'லேஸ் ஆன்ஃபான் து பாரதி' என்பதற்குப் பக்கமாக ஒலிக்கும். கடைசிச் சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது நம் பாரதி இல்லை, சொர்க்கம்.

அந்தச் சொர்க்கமும் வானத்தில் இல்லை. பிரெஞ்சு நாடக அரங்குகளில் கூரைக்கு மிக அருகே, உச்சி மாடத்தில் இருக்கும் மலிவு இருக்கைகளை அப்படி அழைப்பார்கள். நம் கொட்டகைகளில் காசு குறைந்தவர்கள் திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். அங்கே தலைக்கு மேலே உட்கார்ந்தார்கள். கூச்சலும் விசிலும் இரண்டிலும் ஒன்றுதான். இதை மட்டும் முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். மாடத்திலிருந்து கத்துகிறவர்கள் யார் என்று படம் முழுக்கக் கேள்வி வராது.

பிரதி

ஓடும் நேரத்தைப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அது வெட்டிய பிரதி, வேண்டாம். 2010-களின் தொடக்கத்தில் பாதே என்ற பிரெஞ்சுத் திரைப்பட நிறுவனம் புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதை எடுங்கள், முகங்கள் தெளிவாக இருக்கும். டிவிடி என்றால், எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்லும் மண்டல எண்ணைக் கவனியுங்கள். அமெரிக்க வட்டுகளில் பெரும்பாலும் 1 என்றிருக்கும், இந்தியாவுக்கு 5. நம் வீட்டு பிளேயர் முரண்டு பிடிக்கலாம். பத்துப் பேரை அழைத்து உட்கார வைத்த பிறகு இது தெரியவந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். முந்தின நாளே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, படத்தின் சட்டகம் ஏறத்தாழச் சதுரம். இன்றைய டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதைப் பொறுக்காமல் யாராவது ரிமோட்டை எடுத்து இழுத்து நிரப்புவார்கள். உடனே கதாநாயகி ஒரு சுற்றுப் பெருத்துவிடுவாள். ரிமோட்டை ஒளித்து வையுங்கள்.

நாள் பார்ப்பது

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில். பூ வியாபாரம் செய்யும் ஊர். விடிவதற்கு வெகுமுன்பே சந்தை விழித்துவிடும். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரையும் உட்கார வைக்க முடியாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை ஒரே மூச்சில் பார்ப்பது இங்கே நடக்கிற காரியமில்லை. முதலில் இது எனக்குக் குறையாகப்பட்டது. பிறகுதான் தெரிந்தது, இந்தப் படத்தைப் பார்க்கச் சரியான முறையே அதுதான் என்று. முதல் ராத்திரி முதல் பாகம், மறுநாள் ராத்திரி இரண்டாம் பாகம். ஏழு மணிக்குத் தொடங்கினால் முதல் பாகம் எட்டே முக்காலுக்குள் முடிந்துவிடும். இரண்டாவது அதைவிடச் சற்றுச் சிறியது.

ஒரே இரவில் இரண்டையும் முடித்தால் என்ன? முடிக்கலாம். ஆனால் கதையில் இரண்டு பாகங்களுக்கும் நடுவே சில வருடங்கள் ஓடுகின்றன. முதல் பாகத்தில் பிரிந்தவர்களை நீங்கள் ஒரு பகல் முழுக்க மனதில் சுமந்து, வேலைக்குப் போய், சோறு தின்று, மறுபடி வந்து பார்த்தால்தான் அந்த வருடங்களுக்குக் கனம் வரும். அதற்காக ஒரு வாரம் விடவும் கூடாது. ஒருமுறை மழையால் இரண்டாம் பாகத்தை மூன்று வாரம் தள்ளிப் போட்டோம். கதையில் வரும் நத்தாலி யார், கரான்ஸ் யார் என்பதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

நம் மாவட்டத்தில் நாள் குறிப்பதற்குத் தனிக் கலை வேண்டும். ஓணத்துக்கு முந்தைய வாரம் தோவாளையில் ஒரு கை கூட ஓயாது, கேட்கவே கேட்காதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 வரை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் வரமாட்டார்கள். பங்குனி, சித்திரையில் ஏதாவது ஒரு அம்மன் கோயிலில் கொடை விழா இருக்கும். ஒலிபெருக்கியை மீறி பிரெஞ்சு கேட்காது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற ஊர் நமது. மின்சாரம் போனால் தாங்குகிற இன்வெர்ட்டர் வேண்டும். மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டிப் படம் காட்டும் ஆசை இருந்தால் ஆனி, ஆடியில் வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்களில் பழமொழி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அது வானிலை அறிக்கை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? ஒருமுறை கதாநாயகியின் முகம் வேட்டியோடு சேர்ந்து புடைத்துக்கொண்டு பக்கத்துத் தென்னைக்குப் போனது.

தின்பண்டம்

ஏத்தங்காய் சிப்ஸ் வேண்டாம். இந்தப் படத்தின் உயிரே ஊமைக்கூத்தில் இருக்கிறது. நீண்ட நேரம் யாரும் பேசாத காட்சிகளில் எட்டுப் பேர் நொறுக்கினால் அது அரிசி ஆலைதான். அவித்த ஏத்தன்பழம், மட்டிப்பழம், சுக்குக் காபி போதும்.

பெயர்த்தாள்

ஒரு தாளில் ஆறு பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கரான்ஸ்: கதாநாயகி, யாருக்கும் கட்டுப்படாதவள். பாப்திஸ்த்: ஊமைக்கூத்துக் கலைஞன், வெள்ளை உடை. ஃப்ரெதெரிக்: வாய் ஓயாத நடிகன். லாசனேர்: மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன், திருடன், அதைவிட மோசமானவன். எதுவார்: பிரபு, பணக்காரன். நத்தாலி: பாப்திஸ்தை விரும்பும் நடிகை. முதல் மூன்று ஆண்களும் உண்மையில் வாழ்ந்தவர்களை வைத்து எழுதப்பட்டவர்கள். லாசனேர் 1836-ல் கில்லட்டினில் தலை இழந்தவன். படத்தில் அவன் பேசும் நேர்த்தியைக் கேட்டு யாராவது மயங்கினால் இதை நினைவுபடுத்துங்கள்.

மொழி

சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் எல்லாரும் அந்த வேகத்துக்கு வாசிக்க மாட்டார்கள். ஒருவர் தமிழில் சொல்ல வேண்டிவரும். சொல்பவர் பின்வரிசையில் உட்காரட்டும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் சொல்லட்டும். வில்லுப்பாட்டில் அண்ணாவி கதையைக் கொண்டுபோக, பக்கத்தில் இருப்பவர் ஒரு 'ஆமாம்' போட்டுத் தாங்கிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் இங்கே அண்ணாவி இல்லை, ஆமாம் போடுகிறவர். அண்ணாவி திரையில் இருக்கிறார்.

ஒரு நுட்பம் உண்டு. பிரெஞ்சில் நம்மைப் போலவே 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. 'வூ' என்று காதில் விழுந்தால் நீங்கள், 'த்யு' என்றால் நீ. ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தமிழ் அதைத் திருப்பிக் கொடுக்க முடியும். யார் யாரிடம் எதைச் சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டி வையுங்கள். காதல் படத்தில் அதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது?

முதல் ராத்திரி

முதல் பத்து நிமிடம் சிரமமாக இருக்கும். தெரு நிறையக் கூட்டம்: கயிற்றில் நடப்பவன், குரங்கு, ராட்டினம், குதிரை வண்டி. யாரைப் பார்ப்பது என்று தெரியாது. யாரையும் பார்க்க வேண்டாம், திருவிழாவுக்குள் நுழைந்தது போல இருங்கள். முதல் பாகத்தின் பெயர் 'குற்றத் தெரு'. அந்தத் தெருக் கொட்டகைகளில் நாள்தோறும் மேடையில் கொலையும் கொள்ளையும் நடந்ததால் மக்கள் வைத்த பட்டப்பெயர் அது.

பிறகு ஒரு காட்சி வரும். அதற்குத்தான் உங்களைத் தயார்ப்படுத்துகிறேன். கொட்டகை வாசலில் கூட்டம் கூட்டுவதற்காக ஒரு மேடை. அதில் வெள்ளை உடையில், முகத்தில் வெள்ளைப் பூச்சோடு பாப்திஸ்த் பொம்மைபோல் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய அப்பாவே கூட்டத்துக்கு முன்னால் அவனை மட்டம் தட்டிக் கேலி செய்கிறார். கீழே கரான்ஸ் நிற்கிறாள், அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு தடித்த கனவான், கூடவே லாசனேர். கனவானின் கடிகாரம் காணாமல் போகிறது. லாசனேர் எப்போதோ நழுவிவிட்டான். பழி கரான்ஸ் மேல் விழுகிறது, போலீஸ் வருகிறது, பார்த்தவர் உண்டா என்கிறது. மேலே இருந்த பொம்மை வாய் திறக்கிறது, நான் பார்த்தேன் என்று. அதன் பிறகு பேச்சே இல்லை. அவன் தொப்பையைத் தள்ளிக்கொண்டு கனவானாக நிற்கிறான். மறு கணம் இடுப்பை ஒசித்துக் கரான்ஸாகிறான். அடுத்த கணம் இரண்டு விரல் மட்டும் தனியாக ஊர்ந்து சட்டைப்பைக்குள் போகிறது. கூட்டம் சிரிக்கிறது, போலீஸும் அவளை விட்டுவிடுகிறது. போகும்போது அவள் ஒரு பூவை அவனுக்கு எறிந்துவிட்டுப் போகிறாள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பிச்சிப்பூ கட்டிக்கொண்டேதான் படம் பார்ப்பார். டிவியைப் பார்த்தபடியே விரல்கள் தாமாக நாரைச் சுற்றி முடிச்சுப் போடும். எந்தச் சண்டைக் காட்சிக்கும் நின்று நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு விரல் ஊர்ந்தபோது அக்காவின் கை நின்றது. பூ எறியப்படும் வரை நின்றது. யாருக்கும் ஒரு வார்த்தை தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோல்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோல் பொம்மை கையை ஆட்டினால் உயிர் வந்துவிட்டதாக நம்பி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு ஊமைக்கூத்து என்ன அந்நியமா?

இதற்குப் பிறகு படம் தானே இழுத்துக்கொண்டு போகும். தெருவில் குருடனாகப் பிச்சை எடுப்பவன் மதுக்கடைக்குள் நுழைந்ததும் நகையின் தரம் பார்க்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். பாப்திஸ்துக்கு எல்லாம் கூடி வருகிற ஒரு ராத்திரியில், அவன் கூச்சத்தால் கரான்ஸின் அறையை விட்டு வெளியேறிவிடுவான். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு கூட்டுப் பெருமூச்சு எழும். பெரியவர்கள் திட்டவும் செய்வார்கள். திட்டட்டும்.

குழந்தைகள் இருக்கலாமா என்று கேட்பார்கள். தொடக்கத்தில் கரான்ஸ் ஒரு கண்காட்சிக் கூடாரத்தில் தொட்டித் தண்ணீருக்குள் தோள்வரை மூழ்கி உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் ஒரு கொலை உண்டு. கத்தியைக் காட்டாமல் பக்கத்தில் நிற்பவன் முகத்தை மட்டும் காட்டுவார்கள். பத்து வயதுக்கு மேல் பயமில்லை. அதற்குக் கீழே இருப்பவர்கள் எப்படியும் தூங்கிவிடுவார்கள்.

முதல் பாகத்தின் முடிவில் திரைச்சீலை இறங்கும். உடனே விளக்கைப் போடுங்கள், வட்டை வெளியே எடுங்கள். அடுத்தது பத்து நிமிடம் மட்டும் பார்ப்போமே என்பார்கள். இணங்காதீர்கள்.

நடுவில் ஒரு பகல்

இந்தப் பகலுக்குத்தான் படத்தின் பின்கதையை எடுத்து வைத்திருக்க வேண்டும். முன்பே சொன்னால் பாடம் நடத்துவது போலாகிவிடும்; முதல் பாகம் பார்த்தவர்கள் தாங்களாகவே கேட்பார்கள்.

இதை எடுக்கத் தொடங்கியது 1943-ல், பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது. தெற்கே நீஸ் நகரில் அந்தத் தெரு முழுவதையும் செட்டாகப் போட்டார்கள். போரால் படப்பிடிப்பு நின்று நின்று நடந்தது. செட் வடிவமைத்த அலெக்சாந்த்ர் த்ரோனெரும் இசையமைத்த ழோசெஃப் கோஸ்மாவும் யூதர்கள். மறைந்திருந்தபடியே வேலை செய்தார்கள். பழைய துணி வியாபாரி வேடத்துக்கு முதலில் பேசியிருந்த நடிகர் ஜெர்மானியர் பக்கம் சாய்ந்தவர். காற்று மாறியதும் நாட்டைவிட்டு ஓடிவிட்டார், பியெர் ரெனுவார் அதில் நடித்தார். நாடு விடுதலையான பிறகே படம் வெளிவர வேண்டும் என்று கார்னே வேண்டுமென்றே வேலையை இழுத்தடித்தார். 1945 மார்ச்சில் வந்தபோது கரான்ஸாக நடித்த ஆர்லெத்தியால் கொண்டாட முடியவில்லை. ஜெர்மன் அதிகாரி ஒருவருடன் இருந்த உறவுக்காக அவர் கைது செய்யப்பட்டுக் காவலில் இருந்தார்.

ஏன் இரண்டு பாகம் என்ற கேள்விக்கும் பதில் அங்கேதான். ஜெர்மனியோடு ஒத்துப்போன அன்றைய பிரெஞ்சு அரசான விஷி அரசு ஒரு படம் சுமார் 90 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தது. நீளத்தைக் குறைக்க மனமில்லாமல் இரண்டாக்கினார்கள். அவர்களுக்கு அரசாங்கம், எங்களுக்குப் பூச்சந்தை.

கதை நடக்கும் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழங்காலப் படம் என்றால் உடையைப் பார்த்து வியந்துவிட்டுப் போய்விடுகிறோம். பாரிஸில் அந்த உடைகள் உலாவிய அதே 1820-களில் நம் கல்குளம், இரணியல் பக்கம் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாணை வர 1859 ஆயிற்று. இதைச் சொன்னபோது மைனி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் இன்று ராத்திரி யார் என்ன உடுத்துகிறார்கள் என்று ஒழுங்காகப் பார்க்கிறேன் என்றார். அவர் சொன்னது சரியான வழி. முதல் பாகத்தில் கரான்ஸின் எளிய உடையை நினைவில் வையுங்கள். இரண்டாம் பாகத்தில் அவள் வரும்போது உடை முதலில் பேசும்.

இரண்டாம் ராத்திரி

தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம், முதல் பாகத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாராவது ஒருவர் சொல்லட்டும். இளையவர்களிடம் விடுங்கள், தப்பாகச் சொல்வார்கள், பெரியவர்கள் திருத்துவார்கள், எல்லாருக்கும் நினைவு வந்துவிடும்.

இரண்டாம் பாகத்தின் பெயர் 'வெள்ளை மனிதன்'. வருடங்கள் கடந்ததை நரைத்த தலையில் தேடாதீர்கள். முகங்கள் பெரிதாக மாறியிருக்காது. பாப்திஸ்த் புகழ் பெற்றுவிட்டான், மணமாகி ஒரு சின்னப் பையன் இருக்கிறான். ஃப்ரெதெரிக் ஒரு மட்டமான நாடகத்தை மேடையிலேயே கேலிக்கூத்தாக்கி எழுதியவர்களை அழவைக்கும் பகுதி நல்ல சிரிப்பு. ஒழுகினசேரியிலிருந்து நாடகக் கம்பெனி வழியாக வந்து தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த கலைவாணரை எங்கள் வீட்டு மூத்தவர்கள் அங்கே நினைத்துக்கொண்டார்கள். முகத்திரை போட்ட ஒரு பெண் ராத்திரிதோறும் வந்து ஊமைக்கூத்தைப் பார்த்துப் போகிறாள் என்ற பேச்சு வந்ததும் யாரும் சாயா குடிக்க எழ மாட்டார்கள்.

முடிவைச் சொல்ல மாட்டேன். கடைசிப் பத்து நிமிடத்தில் அதே தெருவுக்குத் திரும்புகிறோம், இந்த முறை திருவிழாக் கூட்டம் பல மடங்கு. அப்போது யாருடைய செல்போனும் ஒலிக்கக் கூடாது. திரைச்சீலை இறங்கி முடியும் வரை விளக்கைப் போடாதீர்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த இருட்டு வேண்டும்.

விளக்கைப் போட்டபோது எங்கள் வீட்டில் மணி ஒன்பதரை. பையனின் கதி என்னாகும் என்று மைனி கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கட்டிய சரத்தைச் சுருட்டிக் கூடையில் வைத்துவிட்டு எழுந்தார், பிறகு மறுபடி உட்கார்ந்தார். சந்தைக்கு நேரமாகிவிடுமே என்றேன். அந்தப் பூ எறியும் இடத்தை மட்டும் ஒருமுறை போடச் சொன்னார். நான் முதல் வட்டைத் தேடினேன். இந்த முறை அதன்மேல் 1 என்று எழுதியிருந்தது.